படகெலும்பும் பாலைவன ஓட்டமும்

சென்ற தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒருநாட் காலையிலே, மண்டபத்தின் கடைசி வரிசையில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் இடக்கையால் விடை எழுத முயன்று வியர்த்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். வலக்கை மணிக்கட்டில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. பரீட்சை முடிந்தபின் அழைத்து விசாரித்தோம். குளக்கட்டின் அருகேயுள்ள மண்மேட்டிலே தமையனாருடைய மோட்டார் சைக்கிளை ஏற்றியும் இறக்கியும் பழகியபோது கை ஊன்றி விழுந்தானாம். விழுந்து மூன்று கிழமை.

“சுளுக்குத்தான் சேர். அன்றைக்கே எக்ஸ்-றே எடுத்துப் பார்த்தார்கள். முறிவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.”

“பெருவிரலை நிமிர்த்திக் காட்டு, தம்பி” என்றோம்.

பெருவிரலை நன்றாக நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டின் பக்கமாக, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே சிறு குழியொன்று தோன்றும். மூக்குத்தூள் போடும் பழக்கமுள்ள பெரியவர்கள் அக்குழியிலே தூளை வைத்து உறிஞ்சுவதுண்டு. மேல்நாட்டு வைத்திய நூல்களும் அதனை மூக்குத்தூட் பெட்டி என்றே அழைக்கின்றன. முன்பொருமுறை விளையாட்டிலே விழுந்த பையனொருவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது ஆங்கிருந்த வைத்தியரொருவர் எமக்குக் காட்டித்தந்த இடம் அது. அவ்விடத்தை மெல்ல அழுத்தினோம். பையன் துள்ளிக் கையை இழுத்துக்கொண்டான்.

நாம் வைத்தியரல்லேம், நோய் நிதானிக்கும் உரிமையும் எமக்கில்லை. ஆயினும் அன்று மாலையே அவனுடைய தாயாரைக் கண்டு, மறுபடியும் ஒருமுறை எக்ஸ்-றே எடுப்பித்தல் நன்று என்று சொல்லி வந்தோம். நாலாம் நாள் செய்தி வந்தது. படகெலும்பு முறிந்திருந்தது.

மணிக்கட்டிலே கூழாங்கற்களை அடுக்கினாற்போல எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் பெருவிரற் பக்கமாக, படகின் வடிவிலே வளைந்து கிடப்பது படகெலும்பு. முந்திரிப் பருப்பளவுதான் இருக்கும். கையை விரித்து ஊன்றி விழும்போது உடலின் பாரம் முழுவதும் அதன் இடுப்பிலே வந்து தாக்குகின்றது. இளைஞரே இம்முறிவுக்கு மிகுதியும் ஆளாகின்றனர். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. முறிவின் கீறல் மயிரிழை போன்றதாகையால் முதல்நாள் எக்ஸ்-றேயிலே பலமுறை தென்படுவதில்லை. பத்துப் பதினான்கு நாட்கள் சென்றபின், முறிந்த ஓரங்கள் சற்றே கரைந்து இடைவெளி அகன்ற பிறகுதான் படத்தில் விழும். ஆதலால் அந்தக் குழியிலே நோவிருந்தால், படம் என்ன சொன்னாலும், முறிந்ததாகவே கொண்டு கட்டுப்போட்டு வைத்து மீண்டும் படமெடுப்பதே வைத்தியர்களின் வழக்கம். இன்று எம்.ஆர்.ஐ. வசதியுள்ள இடங்களில் அத்தனை நாள் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

கட்டாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். பிற எலும்புகளுக்குக் குருதி பல பக்கங்களாலும் வருகின்றது. படகெலும்புக்கோ பெரும்பாலும் விரற்பக்க நுனியினூடாக நுழைந்து பின்னோக்கிச் செல்கின்றது. வாய்க்காலின் நடுவே அணை விழுந்தாற் கடைசி வயல் காய்வதுபோல, இடுப்பிலே முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு குருதியின்றி வாடிவிடக்கூடும். முறிவு பொருந்தாமலே நின்றுவிட்டால், வருடங்கள் சென்றபின் மணிக்கட்டு மூட்டு தேய்ந்து, வாளியிலே தண்ணீர் தூக்கவும் இயலாத நோவு வந்து சேரும். இருபது வயதிற் செய்த அலட்சியத்துக்கு நாற்பது வயதில் வட்டி கட்டவேண்டிய கணக்கு இது.

பையனிடம் நாம் கேட்ட இரண்டாவது கேள்வி, இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது. கைத்தொலைபேசியிலே ‘டக்கார்’ ஓட்டத்தின் படங்களைப் பார்த்ததாக வெட்கத்தோடு சொன்னான். 1978ஆம் ஆண்டின் இறுதியிலே பாரிஸ் நகரிலிருந்து ஆபிரிக்காவின் டக்கார் நகரை நோக்கி முதன்முதலாகப் புறப்பட்ட அவ்வோட்டம், 2009இலிருந்து தென்னமெரிக்காவிலும் 2020இலிருந்து சவூதி அரேபியாவிலும் நடந்து வருகின்றது. இரண்டு கிழமை, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர், மணற்குன்றும் கல்லும் உலர்ந்த ஆற்றுப்படுகையும். அதிலே அவனுக்குப் பிடித்த வீரர் அவுஸ்திரேலியரான டோபி பிறைஸ். முறிந்த மணிக்கட்டோடு ஓடி வென்றவராயிற்றே என்றான்.

உண்மைதான். ஆனால் அவ்வுண்மையின் முழுநீளத்தையும் அவன் அறிந்திருக்கவில்லை. அறிந்து சொல்வது எம் கடனென்று தோன்றியது.

2013ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நடந்த பாலைவன ஓட்டமொன்றில் விழுந்த பிறைஸுக்குக் கழுத்து முள்ளெலும்புகள் மூன்று முறிந்தன. கழுத்தெலும்பு முறிந்தும் அதனூடே செல்லும் முண்ணாண் அறாமலிருப்பது நூலிழையிலே தங்கிய நற்பேறு. அறுந்திருந்தால் கைகாலிரண்டும் செயலிழந்திருக்கும். சத்திர சிகிச்சையும் நீண்ட பயிற்சியும் பெற்று மீண்டு, 2016இல் டக்கார் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தை வென்ற முதல் அவுஸ்திரேலியரானார். அடுத்த வருடமே, ஆர்ஜென்ரீனாவிலிருந்து பொலிவியாவுக்குச் செல்லும் நாலாம் நாட் பாதையில் விழுந்து இடத் தொடையெலும்பை முறித்துக்கொண்டார்.

தொடையெலும்பு உடலிலே மிகப் பெரிய எலும்பு. அது முறிந்தால் உள்ளேயே ஒரு லீற்றருக்கு மேற்பட்ட குருதி கசிந்துவிடக்கூடும். வெளியே துளியும் தெரியாது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் இம்முறிவோடு வந்த போர்வீரருள் பெரும்பாலோர் மாண்டனர். வேல்ஸ் நாட்டு வைத்தியராகிய ஹியூ ஓவன் தோமஸ் முன்னரே வகுத்திருந்த நீண்ட இரும்புச் சட்டத்தைக் காலுக்குப் பூட்டி, அசையாமல் இழுத்துக் கட்டிக் கொண்டுவரத் தொடங்கிய பின்னரே அச்சாவு வெகுவாகக் குறைந்தது. அக்காலத்தில் தொடை முறிந்தவன் கட்டிலிலே மாதக்கணக்காகக் கிடக்கவேண்டும். ஜேர்மனியின் கீல் நகரத்து வைத்தியர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939இலே எலும்பின் நடுக்குழலினுள் நீண்ட உலோகக் கம்பியை அடித்து இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். சிறைப்பட்ட நேசநாட்டு வீரர்கள் போருக்குப் பின் ஊர் திரும்பியபோது, அவர்கள் தொடைக்குள்ளே முழுநீளக் கம்பியைக் கண்டு தாய்நாட்டு வைத்தியர்கள் திகைத்தார்களாம். இன்று உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று. சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள்ளேயே நோயாளியை ஊன்றுகோலோடு எழுப்பி நிறுத்திவிடுகின்றார்கள்.

எழுந்து நிற்பது வேறு, நடப்பது வேறு, ஓடுவது வேறு. எலும்பு பொருந்த மூன்று நாலு மாதமாகும். அதற்குள் தொடைத்தசை மெலிந்து தளர்ந்துவிடும். முழங்கால் மடங்க மறுக்கும். அதனை நாளுக்கு ஒரு விரற்கடையாக மீட்டெடுப்பதுதான் இயன்மருத்துவரின் வேலை. படங்களிலே வராத பகுதி அது. ஒரு நாட்போல மறுநாளும், காலையும் மாலையும், நோவைப் பொறுத்துக்கொண்டு அதே அசைவை மீண்டும் மீண்டும் செய்யவேண்டும். பிறைஸ் 2018 சனவரியில் திரும்பி வந்து மூன்றாம் இடத்தைப் பெற்றார். இடையிலிருந்த ஒரு வருடத்தை அவர் எங்ஙனம் கழித்திருப்பார் என்பதை நோயாளிக்கு அருகிலிருந்து பார்த்தவர்களே ஊகிக்க முடியும்.

இனி மணிக்கட்டின் கதை. 2019ஆம் ஆண்டு ஓட்டம் பெரு நாட்டிலே நடந்தது. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல், பெரும்பகுதி மணல். அதற்குச் சில வாரங்களுக்கு முன் பயிற்சியிலே விழுந்து முறிந்தது இதே படகெலும்புதான். சத்திர சிகிச்சை செய்து, முழுதும் ஆறாத கையோடே ஓடினார். கடைசி நாள் ஓட்டம் ஒன்றைத் தவிர வேறெந்த நாளிலும் முதலிடம் பெறாமலே முழு ஓட்டத்தையும் வென்றார். இதனை நாம் மெச்சுவதா, கடிந்துகொள்வதா? உண்மையைச் சொன்னால் எமக்கு இரண்டு மனம். தேர்ந்த சத்திர வைத்தியரும் பயிற்சியாளரும் சூழ்ந்திருக்க, ஆபத்தின் விலையை அறிந்தே கொடுத்தவர் அவர். எண்ணெய்த் துணியோடு பரீட்சைக்கு வந்த பையன் விலையையே அறியாதவன்.

விலை எவ்வளவு என்பதை அவ்வோட்டமே அடுத்த வருடம் காட்டியது. 2020 சனவரி 12ஆந் திகதி, சவூதிப் பாலைவனத்தில், போர்த்துக்கேய வீரர் பவுலோ கொன்சால்வெஸ் விழுந்து கிடந்ததைக் கண்டு முதலில் வண்டியை நிறுத்தியவர் இதே பிறைஸ். விழுந்தவருக்கு உதவ நின்ற நேரத்தை ஓட்டக்கணக்கிலிருந்து கழித்துவிடுவது டக்காரின் விதி; போட்டியின் விதிகளுள் நாம் மிகவும் மதிப்பது இதுவே. கொன்சால்வெஸ் பிழைக்கவில்லை. வயது நாற்பது. மறு வருடம் சனவரி 6ஆந் திகதி, டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியராகிய பெங்களூர்வாசி சி. எஸ். சந்தோஷ் அதே நாட்டிலே விழுந்து தலையிற் காயமுற்றார். மருந்தினால் உணர்விழக்கச் செய்தே அவரைப் பல நாட்கள் பேணினர். அவர் பிழைத்து வீடு திரும்பினார். அந்த 2021ஆம் ஆண்டு முதலே, விழும்போது காற்று நிறைந்து மார்பையும் கழுத்தையும் தாங்கும் அங்கியை மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் எல்லோரும் அணியவேண்டுமென்பது கட்டாயமாயிற்று.

தலைக்காயத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொரு அவுஸ்திரேலியரை நினையாதிருக்க இயலாது. அரபு நாடுகளிலே புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் 1935 மே 13இல், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களை விலக்க முயன்று தம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு ஆறாம் நாள் இறந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவரே மூளைச் சத்திர வைத்தியர் ஹியூ கெயின்ஸ். அதன்பின் அவர் இப்பொருளை ஆராய்ந்து, 1941இலே கட்டுரையொன்றை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் மாண்ட மோட்டார் சைக்கிள்காரரும் பின்னிருந்தோரும் 2,279 பேர். கவசத்தோடு விழுந்தவர்களாக அவர் கண்டறிந்தது ஏழே பேர், எழுவரும் பிழைத்தவர். அவ்வருட இறுதியிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பொதுமக்களுக்கு அச்சட்டம் வர 1973 ஆயிற்று.

நம் ஊரிலே தலைக்கவசம் முழங்கையிலே தொங்குகின்றது. பொலிசார் நிற்கும் சந்தியிலே தலைக்கு ஏறி, அடுத்த ஒழுங்கையிலே மீண்டும் முழங்கைக்கு இறங்குகின்றது. குளக்கட்டிலோ பொலிசார் இல்லை. எனவே கவசமும் இல்லை. உள்ளேயுள்ள மெத்தை நொறுங்குவதன் மூலமே அடியை வாங்குகின்றது. ஆகையால் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே பளபளத்தாலும் உதவாது. தம்பிக்குக் கொடுத்துவிடும் சிக்கனமும் ஆகாது.

விழுந்தவன் அருகில் நிற்போருக்கும் சில சொற்கள். கவசத்தை இழுத்துக் கழற்ற முற்படாதீர்கள். மூச்சு அடைபட்டாலன்றி, கழுத்தை அசைக்காமற் காப்பதே முதற்கடமை. ஓட்டோவில் மடக்கித் திணித்துக்கொண்டு ஓடுவதினும், 1990க்கு அழைத்தால் இலங்கை எங்கும் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். தலையில் அடிபட்டவன் எழுந்து சிரித்தாலும் முழுநாள் கண்காணிக்கவேண்டும். தலைவலி வரவர ஏறுதல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், கண்மணிகள் இரண்டும் ஒவ்வாதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. மூளை அதிர்ச்சி ஆறுமுன் மீண்டும் வண்டியேறுதல் மிகப் பொல்லாதது. இளையோருக்கு அது முற்றாகத் தெளிய ஒரு மாதமும் செல்லலாம்.

சின்னஞ்சிறுவர் விடயத்தில் வேறோர் ஆபத்து உண்டு. பெற்றார் அதிகம் அறியாதது. சாதாரணச் சைக்கிளிலிருந்து விழும்போது கைபிடியின் முனை வயிற்றிலே குத்திவிடும். மேலே வட்டமாகச் சிறு கன்றல் மாத்திரமே தெரியும். உள்ளே ஈரலோ, மண்ணீரலோ, கணையமோ காயப்பட்டிருக்கக்கூடும். பிள்ளை சில மணி நேரம், சிலவேளை ஓரிரு நாள்கூட, விளையாடிக்கொண்டிருந்துவிட்டுப் பின்னரே சோர்ந்து விழும். வயிற்றிலே அவ்வட்டத் தழும்பைக் கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பார்க்கப் போகிறவர்களும் தப்பியவரல்லர். 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் நடந்த ஓட்டப் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பாய்ந்து 7 பேர் உயிரிழந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள்.

எம் மாணவனுக்குப் பெருவிரலோடு சேர்த்துப் பிளாஸ்டர்க் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் வகுப்புத் தோழர்கள் அத்தனை பேரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். எட்டுக் கிழமையேனும் ஆகுமென்றும், பொருந்தாவிடில் திருகாணி வைக்கவேண்டி வருமென்றும் வைத்தியர் சொன்னாராம். முறிந்த கையோடு ஓடி வென்ற கதையை அவன் இப்போது எம்மிடம் எடுப்பதில்லை. தொடை முறிந்தபின் பிறைஸ் எத்தனை மாதம் பயிற்சி செய்திருப்பார் என்று கேட்டான், சொன்னோம். அடுத்த எக்ஸ்-றே வருகிற மாதம் பத்தாந் திகதி. அதுவரை மோட்டார் சைக்கிளின் திறப்பு தாயாரின் முந்தானையிலே முடிந்திருக்கிறது.