அட்டவணையின் அடிவரிசையில் ரோபோ பயிற்சியாளர்

அமெரிக்கப் பொதுப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு எவ்வளவு பெறுகிறார் என்பதைப் பெரும்பாலும் இரண்டு அட்டவணைகள் தீர்மானிக்கின்றன. பட்டமும் பணியாண்டும் கூடக் கூட உயர்ந்து செல்லும் அடிப்படை ஊதிய அட்டவணை முதலாவது. பள்ளி முடிந்த பின் மாலையிலும் வார இறுதியிலும் அவர் ஏற்கும் பொறுப்புகளுக்கு மதிப்பூதியம் வகுக்கும் கூடுதல் பணி அட்டவணை இரண்டாவது. மிச்சிகன் மாநிலத்தின் பல ஒப்பந்தங்களில் ‘ஷெட்யூல் பி’ எனப்படும் இந்த இரண்டாம் அட்டவணையை, பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டமும் ஆசிரியர் சங்கமும் பேசி முடிவு செய்கின்றன. ஒவ்வொரு பொறுப்புக்கும் உரிய தொகை, புதிதாகச் சேரும் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க ஊதியத்தில் இத்தனை விழுக்காடு என்று குறிக்கப்படுவது பரவலான வழக்கம். பட்டியலின் உச்சியில் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றின் தலைமைப் பயிற்சியாளர்கள் இருப்பார்கள். அடியில் சதுரங்க மன்றம், மொழி மன்றம் போன்றவற்றின் பொறுப்பாசிரியர்கள் இருப்பார்கள். ரோபாட்டிக்ஸ் அணியின் பயிற்சியாளர் பல மாவட்டங்களில் இந்த அடிவரிசையில்தான் வைக்கப்பட்டிருக்கிறார். சில மாவட்டங்களின் பட்டியலில் அவருக்கென ஒரு வரியே இல்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஏற்பாடு சற்றுப் புதிதாகத் தோன்றலாம். இங்கே பள்ளி விளையாட்டுப் பயிற்சி உடற்கல்வி ஆசிரியரின் முழுநேரப் பணிக்குள் அடங்கிவிடுகிறது; அமெரிக்காவிலோ வரலாறோ கணிதமோ நடத்தும் ஆசிரியரே மாலையில் கால்பந்துப் பயிற்சியாளராக மாறி, அதற்கெனத் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனித் தொகை பெறுகிறார். ஆகவே அந்த நாட்டில் ரோபாட்டிக்ஸ் பயிற்சியாளர் கேட்பது முன்னுதாரணமில்லாத சலுகையை அன்று. பக்கத்து அறை ஆசிரியர் விளையாட்டுக்காகப் பல தலைமுறைகளாகப் பெற்றுவரும் ஏற்பாட்டில் தமக்கும் உரிய இடத்தைத்தான் அவர் கேட்கிறார்.

கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பு, விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் கொண்டாட்டம் அறிவியலிலும் பொறியியலிலும் ஈடுபடும் மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தை வெளிப்படையாகவே முன்வைத்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் தம் வடிவமைப்பு வகுப்பில் நடத்திவந்த போட்டியின் சாயலில், 1992-இல் அதே நகரின் பள்ளி உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் 28 அணிகளுடன் முதல் ரோபோ போட்டி நடந்தது. இன்று அந்தப் போட்டி விளையாட்டின் உருவத்தையே மனமுவந்து அணிந்துகொண்டிருக்கிறது: அணிக்கு எண், சீருடை, எதிரெதிராக மோதும் மூவரணிக் கூட்டணிகள், நேர்முக வர்ணனை, ஆரவாரிக்கும் பார்வையாளர், நீக்கச் சுற்றுகள், இறுதி ஆட்டம் என எதுவும் விடுபடவில்லை. பயிற்சியாளரின் சம்பளச் சீட்டு ஒன்றுதான் விளையாட்டின் சாயல் படியாமல் நின்றுவிட்டது.

பணியின் அளவை அருகில் சென்று பார்த்தால்தான் இந்தக் குறையின் கனம் விளங்கும். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கான முதன்மைப் போட்டியில், அந்த ஆண்டின் ஆட்டம் என்ன என்பது ஜனவரி தொடக்கத்துச் சனிக்கிழமை ஒன்றில்தான் வெளியிடப்படும். அதன் பின் சில வாரங்களுக்குள் ஐம்பது கிலோவை ஒட்டிய எடையுள்ள ஓர் எந்திரத்தை மாணவர்கள் வடிவமைத்து, உலோகம் வெட்டி, மின்கம்பி இணைத்து, ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழி ஒன்றில் நிரல் எழுதி, ஏறத்தாழ இரண்டரை நிமிடமே நீளும் ஆட்டத்துக்கு ஆயத்தமாக்க வேண்டும். பட்டைவாளும் துளையிடும் எந்திரமும் ஓடும் பட்டறையில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறார்களா என்று பார்ப்பதிலிருந்து, மோட்டார் வாங்குவதற்கான கொள்முதல் ஆணையை மாவட்ட அலுவலகத்தின் நடைமுறைக்குள் நுழைத்துக் காலத்துக்குள் வெளியே எடுப்பது வரை எல்லாம் பயிற்சியாளரின் தலையில் விழுகின்றன. பேருந்து, விடுதி அறை, பெற்றோரின் ஒப்புதல் படிவம், பல ஆயிரம் டாலர் பதிவுக் கட்டணம், அதற்கான நன்கொடையாளர் தேடல் ஆகியவை தனி. போட்டித் தலத்தில், பத்தடிக்குப் பத்தடி ஒதுக்கப்பட்ட பழுதுநீக்கும் இடத்துக்குள், ரோபோவைச் சுற்றிப் பொருத்தப்படும் துணி போர்த்திய மோதல் தடுப்பானின் உயரம் சற்றே பிசகியதால் பரிசோதகர் திருப்பி அனுப்பிய எந்திரத்தை, அடுத்த ஆட்டம் அழைக்கப்படும் முன் சரிசெய்யப் போராடும் ஏழெட்டு மாணவரையும் அவர்களின் பதற்றத்தையும் ஒருசேரக் கையாளுவதும் அந்தப் பணியே.

பருவத்தின் நீளமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைப் பையிலிட்டு முத்திரையிட்டுவிட வேண்டும் என்ற விதி இருந்தது. வசதி படைத்த அணிகள் இரண்டாவது ரோபோ ஒன்றைக் கட்டி அதன்மேல் பயிற்சியைத் தொடர்ந்ததால் விதியின் பயன் குறைந்துபோக, 2020 பருவத்திலிருந்து அது நீக்கப்பட்டது. அணிகளுக்கிடையிலான சமத்துவத்தின் பார்வையில் அந்த நீக்கம் நியாயமானதே. ஆனால் அதே விதிதான், யாரும் அப்படி எண்ணாவிட்டாலும், பயிற்சியாளரின் உழைப்பு நேரத்துக்கு இருந்த ஒரே மேல்வரம்பு; அது போனபின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பட்டறைக் கதவைச் சாத்தச் சொல்லும் அதிகாரம் எவரிடமும் இல்லை. போட்டியின் விதியைத் திருத்தியது ஒரு தன்னார்வ அமைப்பு, சம்பளத்தைத் தீர்மானிப்பது வேறோர் அமைப்பு என்பதால், கூடிய நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இங்கே உதவும். வாரம் 20 மணி நேரம் வீதம் 14 வாரங்களுக்கு 280 மணி நேரம், இரண்டு போட்டிகளுக்குத் தலா 35 மணி நேரம் என்று அடக்கமாகவே கொண்டாலும் மொத்தம் 350 மணி நேரம் ஆகிறது. தொடக்க ஊதியம் 45,000 டாலராக உள்ள ஒரு மாவட்டத்தில் மன்றப் பொறுப்பாசிரியருக்கு 4 விழுக்காடு என்று வைத்தால் கிடைப்பது 1,800 டாலர். மணிக்கு ஐந்து டாலரும் சில்லறையும். கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். இந்த இடைவெளி சட்டமீறல் ஆகாது என்பதுதான் செய்தி: 1938-ஆம் ஆண்டின் நியாய உழைப்புத் தரச் சட்டம் ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, மிகைநேர ஊதியம் ஆகிய இரண்டிலிருந்தும் விலக்கு வைத்திருக்கிறது. அந்த விலக்கை விளக்கும் ஒழுங்குமுறை, விளையாட்டு அணிப் பயிற்சி, நாடகம், விவாதம், இதழியல் போன்றவற்றை வழிநடத்துவதும் கற்பித்தலே என்று ஒரே மூச்சில் கூறுகிறது. சட்டத்தின் கண்ணில் விவாத மேடையும் விளையாட்டுத் திடலும் ஒன்றுதான். அவற்றை உச்சி வரிசை, அடி வரிசை என்று பிரித்தது உள்ளூர் அட்டவணை. எனவே அதைத் திருத்தும் ஆற்றலும் உள்ளூரிலேயே இருக்கிறது.

மணிக்கணக்கை மட்டும் வைத்து வாதிடுவதில் ஒரு வலுவீனம் உண்டு; கால்பந்துப் பயிற்சியாளரின் தொகையை அவர் செலவிடும் மணிகளால் வகுத்தாலும் பெருமைப்படத்தக்க எண் வரப்போவதில்லை. கூடுதல் பணி அட்டவணை எங்குமே உழைப்பின் முழு விலையைத் தருவதில்லை என்பதால், கேட்க வேண்டிய கேள்வி ஒப்பீட்டைப் பற்றியது: ஒரே அளவு பொறுப்பைச் சுமக்கும் இருவரில் ஒருவருக்கு 12 விழுக்காடும் மற்றவருக்கு 4 விழுக்காடும் எதன் அடிப்படையில்? வழக்கமாகக் கிடைக்கும் விடை, கால்பந்து நுழைவுச்சீட்டில் வருவாய் ஈட்டுகிறது என்பது. நுழைவுச்சீட்டே இல்லாத நெடுந்தூர ஓட்டத்துக்கும் கோல்ஃப் விளையாட்டுக்கும் பயிற்சியளிப்பவர் விளையாட்டு வரிசையில்தான் இருக்கிறார் என்பதைச் சுட்டிக்காட்டினால் அந்த விடை நிற்பதில்லை. மற்றொரு விடை, ரோபாட்டிக்ஸ் தன்னார்வத்தால் வளர்ந்த இயக்கம், சம்பளம் புகுந்தால் அதன் இயல்பு கெடும் என்பது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது; தொழிற்சாலைப் பொறியாளர்கள் மாலையில் ஊதியமின்றி வந்து மாணவரோடு உழைப்பது இந்தப் போட்டியின் அழகுகளில் ஒன்று. ஆனால் பொறியாளர் களைத்துப்போனால் ஒரு வாரம் வராமல் இருக்கலாம். பள்ளிச் சாவியை வைத்திருப்பவர், விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர், கடைசிப் பிள்ளையின் பெற்றோர் கார் வரும் வரை வாசலில் நிற்க வேண்டியவர் ஆசிரியர்தான். அவரது பணிக்கு விலை வைப்பதால் பொறியாளரின் கொடை சிறுத்துவிடாது.

தன்னார்வ வாதத்துக்கு இன்னொரு மறைவான விளைவும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிக்கு வெளியே இரண்டாவது வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஆசிரியர்கள் அரிதானவர்கள் அல்லர். அவர்களால் நான்கு மாத மாலைகளை இலவசமாகத் தர முடியாது. இலவச உழைப்பின்மேல் கட்டப்பட்ட அணி, அத்தகைய உழைப்பைத் தர வசதியுள்ள ஆசிரியரும் ஓய்வு நேரமுள்ள பெற்றோரும் வாழும் வட்டாரத்தில் நிலைக்கும். ஏழை மாவட்டத்தில் ஓர் ஆசிரியரின் பிடிவாதத்தால் சில ஆண்டுகள் ஓடி, அவர் மாற்றலாகிச் சென்றதும் பட்டறையைப் பூட்டிவிடும்.

மாநிலங்கள் இதில் ஒரே வழியில் செல்லவில்லை. மினசோட்டாவின் உயர்நிலைப் பள்ளி லீக், அதாவது பள்ளி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பு, 2012 முதல் ரோபாட்டிக்ஸுக்கு மாநில வாகையர் போட்டி நடத்துகிறது. டெக்சஸில் விளையாட்டு, இசை, விவாதம் மூன்றையும் ஒரே குடையின்கீழ் நடத்தும் யு.ஐ.எல். அமைப்பும் ரோபாட்டிக்ஸைத் தன் மாநிலப் போட்டிகளில் சேர்த்துக்கொண்டது. இத்தகைய அங்கீகாரம் தானாகச் சம்பளத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில், இது விளையாட்டு அமைப்பே நடத்தும் மாநிலப் போட்டி என்று சொல்லும் வாய்ப்பைப் பயிற்சியாளருக்குத் தருகிறது. நூற்றுக்கணக்கான அணிகளோடு இந்தப் போட்டியில் முன்னணியில் நிற்கும் மிச்சிகன் வேறு வழியை எடுத்தது: பள்ளி நிதியுதவிச் சட்டத்தின் தனிப் பிரிவு ஒன்றின்கீழ் அணிகளுக்கு மானியம் வழங்கி, அதில் அணிக்கு ஒரு பயிற்சியாளருக்கு 1,500 டாலர் மதிப்பூதியத்துக்கும் இடம் வைத்தது. மேற்கண்ட 350 மணிக் கணக்கில் வைத்தால் அது மணிக்கு 4.29 டாலர். தொகை சிறிதே என்றாலும், பயிற்சியாளர் உழைப்பைப் பொதுப்பணத்தில் ஏற்க வேண்டிய செலவாக ஒரு மாநிலம் ஒப்புக்கொண்டது சிறிய செய்தி அன்று. ஆண்டுதோறும் சட்டமன்றம் புதுப்பிக்க வேண்டிய மானியம் என்பதால் அதை ஊதியம் என்று நம்பியிருக்க இயலாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுபுறம் விஸ்கான்சினில் 2011-இல் இயற்றப்பட்ட பத்தாம் எண் சட்டம், பொதுத்துறை ஊழியரில் பெரும்பாலோரின் கூட்டுப் பேரத்தை, அதாவது தொழிற்சங்கம் எல்லோருக்காகவும் நடத்தும் ஊதியப் பேச்சை, அடிப்படை ஊதியம் என்ற ஒற்றைப் பொருளுக்குள் சுருக்கியது. அதன் தர்க்கப்படி கூடுதல் பணி அட்டவணை பேச்சுக்கே வராமல் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்படுகிறது.

பெற்றோர் ஆதரவுக் குழுவோ நன்கொடை நிறுவனமோ பயிற்சியாளருக்குப் பணம் தரலாமே என்ற யோசனை அடிக்கடி எழும். நன்கொடையாளர்கள் பதிவுக் கட்டணத்துக்கும் உதிரிபாகங்களுக்கும் கொடுப்பதில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள். ரோபோவின் பக்கவாட்டில் நிறுவனச் சின்னத்தை ஒட்டலாம், ஆசிரியரின் சம்பளச் சீட்டில் ஒட்ட முடியாது. அப்படியே கிடைத்தாலும், பள்ளியின் சம்பளப் பட்டியலுக்கு வெளியே வரும் தொகை வரிக் கணக்கிலும் ஓய்வூதியக் கணக்கிலும் சிக்கலை உண்டாக்குவதோடு, நன்கொடை தரும் பெற்றோரின் பிள்ளை ரோபோவை இயக்கும் இடத்தில் நிற்க வேண்டுமா என்ற கசப்பான கேள்வியையும் கூடவே கொண்டுவருகிறது. ஊதியம் மாவட்டத்தின் பட்டியல் வழியாகவே வர வேண்டும் என்பதில் சமரசத்துக்கு இடமில்லை.

அளவுகோலுக்காக வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1963-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் திறமை, முயற்சி, பொறுப்பு, பணிச்சூழல் என நான்கு அளவுகளை வகுத்தது. சம வேலைவாய்ப்பு ஆணையம் 1997-இல் விளையாட்டுப் பயிற்சியாளர்களின் ஊதியத்தில் பால் வேறுபாடு காட்டப்படுவது பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் அவற்றைப் பயிற்சிப் பணிக்குப் பொருத்திக் காட்டியது. அந்தச் சட்டம் ஆண், பெண் ஒப்பீட்டுக்கானது; ரோபாட்டிக்ஸுக்கும் கால்பந்துக்கும் இடையே அதை நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. ஆனால் மாவட்டமும் சங்கமும் தாமே முன்வந்து அதே கண்கொண்டு அட்டவணையைப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை: பருவத்தின் வாரங்கள், மாணவர் எண்ணிக்கை, கையாளும் பணம், இரவு தங்கும் பயணங்கள், உடலுக்கு ஊறு நேரும் வாய்ப்பு, மேற்பார்வையிட வேண்டிய பெரியவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டு எல்லாப் பொறுப்புகளையும் ஒரே தராசில் நிறுத்தினால், ரோபாட்டிக்ஸ் மல்யுத்தத்துக்கும் கைப்பந்துக்கும் அருகில் வந்து நிற்கும். கோடையில் சில வாரம் மட்டும் கூடும் மன்றம் ஒன்று இறங்கவும் கூடும். அதையும் ஏற்கத்தான் வேண்டும். பணம் அறவே இல்லாத மாவட்டத்தில், ரோபாட்டிக்ஸைப் பகல் நேரப் பாடமாக்கி ஆசிரியரின் வகுப்புச் சுமையில் ஒரு பாடவேளையைக் கழித்துக் கொடுப்பது பாதி ஈடாகும்.

இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் திறக்கப்படுகின்றன. இடையில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் புரிந்துணர்வுக் குறிப்பு ஒன்றின் வழியே புதிய வரியைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும் வாய்ப்பு வரும்போது தலைமைப் பயிற்சியாளரின் விழுக்காட்டைப் பற்றி மட்டும் பேசி எழுந்துவிடுவது எளிது. ஃபர்ஸ்ட் அமைப்போ, பின்னணிச் சரிபார்ப்பு முடித்த இரண்டு பெரியவர்களின் பெயர் இல்லாமல் அணியை ஏற்பதில்லை. கால்பந்துக்குத் துணைப் பயிற்சியாளர்கள் பலர் அட்டவணையிலேயே இடம் பெற்றிருக்க, ரோபாட்டிக்ஸில் ஒரே மதிப்பூதியத்தை இரண்டு ஆசிரியர்கள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் நிலை நீடிக்கும் வரை, முதலாமவர் விலகும் நாளில் அணியை எடுத்து நடத்தப் பழகிய இரண்டாமவர் பெரும்பாலான பள்ளிகளில் இருக்கப்போவதில்லை; ஆகவே தொகை குறைவாகவே கிடைக்கும் என்றாலும், சங்கம் முதலில் கேட்டு வாங்க வேண்டியது துணைப் பயிற்சியாளருக்கான அந்த இரண்டாவது வரியை.