பழைய கித்தாரைத் துளைக்கும் முன்

பாகான் செராயில் யாருக்கோ மாமாவின் பழைய மின்கித்தார் கிடைக்கிறது. சுருதி நிற்கவில்லை. உடனே, தலைப்பகுதியின் ஆறு முறுக்காணிகளையும் மாற்றச் சொல்கிறார். அவசரம் வேண்டாம் என்பேன்.

முதலில் அது எந்தக் கித்தார் என்று பாருங்கள். 1975-இன் பிற்பகுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகள், ஜப்பானில் தயாரான இபானெஸ் கித்தார்களின் வரிசை எண்ணில் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். 'எஃப்78' என்றால் 1978 ஜூன். எண் இல்லாவிட்டால் முறுக்காணிக்கு அடியிலுள்ள திருகுத் துளைகளைப் பாருங்கள். பயன்படாத துளைகள் இருந்தால், யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள்.

சுருதி கலைவதற்குப் பெரும்பாலும் முறுக்காணி காரணமல்ல. வீணையின் பிரடை உராய்வால் மட்டுமே நிற்பது, வழுக்கும். கித்தாரில் இருப்பதோ திருகுப் பல்சக்கரம். கம்பி எவ்வளவு இழுத்தாலும் அது பின்னோக்கிச் சுழலாது. 14:1 விகிதத்துக்குப் பதில் 18:1 வாங்கினால் சுருதியை நுணுக்கமாகக் கூட்டலாம், அவ்வளவுதான். கம்பி சிக்குவது அதைத் தாங்கும் 'நட்'டின் காடியில். திருகும்போது 'டிங்' என்று சத்தம் வந்தால் அதுதான் அடையாளம். காடியில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். செலவு பத்து சென்கூட ஆகாது.

பற்கள் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால், பழைய வகைத் துளை பெரும்பாலும் 8.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; புதிய வகைக்கு 10 தேவை. பழைய அளவிலேயே புதிய முறுக்காணிகள் விற்கிறார்கள், அவற்றைக் கேட்டு வாங்குங்கள். கழற்றியவற்றைத் திருகாணிகளோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.