உயிர் முதலில், கையெழுத்து பிறகு

சம்பளம், வீடு, போனஸ் ஆகியவற்றைப் பற்றி நாம் பேசாத கூட்டமில்லை. பேசத்தான் வேண்டும். அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. தீம்பாரில் ஒருவர் படுகாயப்பட்டு விழுந்தால், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் உயிரைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

தோட்ட வேலையில் ஆபத்தில்லை என்று எண்ணுவோர் ஒரு நாள் நம்மோடு வந்து பார்க்கட்டும். இருட்டோடு மரத்துக்குப் போகிறவர் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுகிறார். மேட்டில் ஏறிய டிராக்டர் கவிழ்கிறது. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த இடங்களில், நீளக் கம்பில் மாட்டிய அரிவாளும் கனத்த குலையும் தலைக்கு மேலேயே நிற்கின்றன. ஆஸ்பத்திரியோ பல மைல் தொலைவில். மழை பெய்தால் மண்சாலை சேறாகிவிடும்.

ஒரு தோட்டத்தில் நடந்ததை நாம் அறிவோம். காலில் ஆழமாக வெட்டுப்பட்ட தொழிலாளி ஸ்டோர் வாசலில் கிடந்தார். லாரி எதிரிலேயே நின்றது. சாவி டிரைவரிடம், டிரைவர் பட்டணத்தில். இன்னொரு வண்டிக்கு மேலிடத்துக் கையெழுத்து வேண்டுமாம். அந்த அரைமணி நேரத்தில் அவர் சிந்திய இரத்தத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதுவது?

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை டாக்டர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் வயற்காட்டில் விழுந்தது. மனைவி மாண்டார். நான்கு பிள்ளைகளில் மூவருக்குப் பலத்த காயம். கொண்டு சேர்த்த சிற்றூர் ஆஸ்பத்திரியில், படுகாயப்பட்டவரைக் கவனிக்கும் ஒழுங்கான முறையே இல்லை என்பதை அவர் கண்ணாரக் கண்டார். அவரும் அவருடைய சகாக்களும் முயன்றதன் பயனாக 1978-இல் டாக்டர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்று பிறந்தது. 1980-இல் அமெரிக்க அறுவை டாக்டர்கள் சங்கம் அதை ஏற்றது. இன்று அது பல நாடுகளில் நடக்கிறது.

அதன் சாரம் எளிது: எது முதலில் உயிரைப் பறிக்குமோ, அதை முதலில் கவனி. முதலில் மூச்சுப் போகும் வழி, பிறகு மூச்சு, பிறகு இரத்த ஓட்டம், பிறகு நினைவு, கடைசியில் உடல் முழுவதும். இரத்தம் பீறிட்டால் அதை அடக்குவதே எல்லாவற்றுக்கும் முன்.

மருந்தும் கத்தியும் டாக்டருக்குரியவை. ஆனால் இந்த வரிசை நமக்கும் உரியது. டிராக்டரின் எஞ்சினை நிறுத்துங்கள். மின்கம்பி பட்டிருந்தால் மின்சாரம் நிற்கும்வரை கிட்டே போகாதீர்கள். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து இரு கையாலும் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். காப்பித்தூளும் புகையிலையும் வைத்து அடைக்க வேண்டாம். கை கால் காயத்தில் அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டு இல்லாத இடத்தில் அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறியுங்கள். கம்பியாலோ நைலான் கயிற்றாலோ கட்டாதீர்கள். டாக்டர் பார்க்கும்வரை கட்டைத் தளர்த்தாதீர்கள். உடலில் குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்து லாரியில் தூக்கிப் போடாதீர்கள். தலையும் கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் ஏற்றுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காமல், போர்வையால் மூடி வையுங்கள்.

நேரம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று. 2010-இல் வெளியான ஆய்வொன்றில், 40 நாடுகளில் காயப்பட்ட 20,000-க்கு மேற்பட்டோருக்கு டிரனெக்சாமிக் ஆசிட் என்ற இரத்தம் காக்கும் மருந்து சோதிக்கப்பட்டது. 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் சாவது குறைந்தது. அதற்குப் பின் கொடுத்தால் பயனில்லை, கேடும் வரலாம் என்று தெரிந்தது. மலிவான மருந்துதான். நோயாளி நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அது என்ன செய்யும்?

ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு டிவிஷனிலும் முதலுதவி பயின்றவர் இருவர். தூக்குப் பலகையும் கட்டுத்துணிப் பெட்டியும் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் வேலைக்காட்டில் இருக்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் சாவியோடு ஒரு வண்டி. அதை எடுக்க மண்டோரின் வாய்ச்சொல் போதும். 999-க்குப் பேசும்போது எந்த பிளாக், எந்த கேட் என்று தடுமாறாமல் சொல்ல, ஒவ்வொரு சந்தியிலும் எண் பலகை.

இது யாசகமன்று. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், அவசர நிலைமைகளைச் சமாளிக்கும் முறைகளை வகுத்து நடத்துவது முதலாளியின் கடமை என்று எழுதியே வைத்திருக்கிறது. உங்கள் தோட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த நான்கையும் வைத்து, பதிலை எழுத்தில் கேளுங்கள்.

கிராணித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர், கார்டு எண், சொக்சோ பாரம் எல்லாம் ஒழுங்காக எழுதியாக வேண்டும். அவற்றால்தான் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வந்துவிட்டது. விழுந்தவர் நம்மவரா, இந்தோனேசியரா, வங்காளதேசத்தாரா என்ற விசாரணையெல்லாம் பிறகு. முதலில் வண்டி புறப்படட்டும். பேனாவை அப்புறம் எடுப்போம்.