அகப்பை செய்ய எந்தக் குலமும் வேண்டாம்



குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிச்சுட்டா எங்க கீழப்பாவூர்ப் பக்கம் மெட்ராஸ், பெங்களூர்ச் சொந்தக்காரங்க எல்லாம் வந்து இறங்கிடுவாங்க. திரும்பிப் போகும்போது கையில் ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ், இன்னொரு பையில் மரக்கரண்டி. நான்ஸ்டிக் சட்டி கீறாது, பிளாஸ்டிக் கரண்டி உடம்புக்கு ஆகாதுன்னு காரணம் சொல்லுவாங்க. சரியான காரணந்தான். அதோட தவறாம ஒரு கேள்வியும் வரும்: "சித்தப்பா, இது கையால செஞ்சதுதானே?"

அதுக்குக் கரண்டியோட கழுத்தைப் பார்த்தாலே போதும். மரத்துக்கு நார் ஓட்டம்னு ஒண்ணு உண்டு. கோடாலி போட்டுப் பிளந்தா, கட்டை அந்த நார் போற வழியிலதான் பிளக்கும். அப்படிப் பிளந்த துண்டில் கத்தியால செதுக்கின கரண்டிக்கு, காம்பு முழுக்க நார் அறுபடாம ஓடும். பலகையில் கரண்டி மாதிரி வரைஞ்சு மெஷினில் அறுத்து எடுத்தா, நார் குறுக்கே வெட்டுப்படும். பார்க்க வழவழன்னு இருக்கும். கெட்டியா நாலு தடவை களி கிண்டினா கழுத்துல ஒடியும். கடையில் தொங்குறது பெரும்பாலும் இந்த வகைதான். மூணாவது ஒண்ணு இருக்கு, கடைசல் வேலை. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் மாதிரி கட்டையைச் சுத்தவிட்டு உளி வச்சுக் கடைஞ்சு எடுக்கிறது. பருப்பு மத்து அப்படித்தான் வரும். அது வேற கை, வேற வித்தை.

எங்க வீடுகள்ல முன்னாடி இருந்தது பெரும்பாலும் சிரட்டை அகப்பைதான். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்"னு சொல்றோமே, அந்த அகப்பை. நல்லா முத்தின தேங்காயை உடைச்சா ஒரு பாதியில் மூணு கண் இருக்கும். அது ஆகாது, ஒழுகும். கண் இல்லாத பாதியை எடுத்து, வெளி நாரை உடைஞ்ச கண்ணாடித் துண்டாலயோ கத்தி முதுகாலயோ சுரண்டணும். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே எதிரும் புதிருமா ரெண்டு ஓட்டை. மூங்கில் பிளாச்சையோ, வேற உறுதியான குச்சியையோ காம்பாச் சீவி, ஒரு ஓட்டையில் விட்டு மறு ஓட்டையில் நுனி வெளியே வர்ற மாதிரி இறுக்கணும். பார்த்தா அஞ்சு நிமிஷ வேலை மாதிரித் தெரியும். ஆனா காம்பைப் பச்சையாச் சொருகினா பத்து நாளில் காஞ்சு சுருங்கி ஆட ஆரம்பிச்சிரும். அதனால காம்பு நல்லாக் காஞ்சிருக்கணும். முழு மரக்கரண்டிக்கு இது அப்படியே தலைகீழ். அதைப் பச்சைக் கட்டையில் செதுக்கணும். அப்பதான் கத்தி ஓடும். கட்டையோட நடு மையத்தை விட்டுட்டு எடுத்து, நிழலில் மெதுவாக் காயவைக்கணும். மையம் உள்ளே இருந்தா வெடிக்கும்.

இதெல்லாம் புத்தகத்தில் படிச்சு வர்றது இல்ல, கை பழகித் தெரிஞ்சுக்கிறது. எங்க ஊர்ல இந்தப் பழக்கம் எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சு. மம்பட்டிக்குப் பிடி போட, கவட்டைக்குக் கொய்யாக் கிளை சீவ, செல்லாங்குச்சி செதுக்க, பம்பரக் கட்டையைத் தேய்க்க எட்டு வயசுப் பையனுக்கே தெரியும். பனையேறுறவங்க பாளை அருவாளைப் பார்த்தா அதுவே ஒரு படிப்பு. தீட்டுப் பலகையில் வெள்ளைக்கல் பொடியைப் போட்டுத் தேய்ச்சு, முடியைச் சிரைக்கிற கூர்மைக்குக் கொண்டு வருவாங்க. அந்தக் கூர்மை இல்லேன்னா பாளையை மெல்லிசாச் சீவ முடியாது, பதநீர் சரியா ஊறாது.

ஆனா கலப்பை, வண்டி, மத்து, உலக்கை மாதிரிப் பெரிய வேலை எல்லாம் ஆசாரி குடும்பத்தோட சரி. அறுவடைக் களத்துல நெல் அளந்து குடுப்பாங்க, அதான் கூலி. டிராக்டர் வந்துச்சு, கலப்பை பரண்ல ஏறிடுச்சு. அவங்க பிள்ளைங்க டிப்ளமோ படிச்சாங்க, கோயம்புத்தூர் போனாங்க, சவுதி போனாங்க. நான் அதுக்கு வருத்தப்படுற ஆள் இல்ல. ஒருத்தன் இந்த வீட்டுல பிறந்தான், அதனால இந்த உளியைத்தான் பிடிக்கணும்னு சொல்றது அநியாயம். அந்தக் கட்டு அவிழ்ந்தது நல்லது.

என் வருத்தம் வேற. கட்டு அவிழ்ந்தப்போ அந்த வித்தை எல்லார் கைக்கும் வந்திருக்கணும். வரல. யார் கையிலயும் இல்லாமப் போச்சு. இன்னைக்கு எங்க தெருவுல பத்தாம் வகுப்புப் பிள்ளைகிட்ட ஒரு கத்தியும் குச்சியும் குடுத்தா, எந்தப் பக்கம் சீவணும்னு முழிக்கிறான். பக்கத்துல பாவூர்சத்திரத்தில் மர அறுவை மில்லுகளைப் பார்த்து வளர்ற பிள்ளை அவன்.

இதைப் பேச ஆரம்பிச்சாலே, "என்ன அண்ணாச்சி, குலக்கல்வியைத் திருப்பிக் கொண்டு வரணும்ங்கீங்களா?"ன்னு கேப்பாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். 1953-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூணு மணி நேரமாக் குறைச்சு, மிச்ச நேரம் அப்பா அம்மா செய்ற தொழிலைப் பழகட்டும்னு ஒரு திட்டம் வந்துச்சு. பெரியார் கடுமையா எதிர்த்தார். தமிழ்நாடே கொதிச்சுது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார், அடுத்த மாசமே அது போச்சு. போனதுதான் சரி. அந்தத் திட்டத்துல தப்பு எங்கே இருக்குன்னு நிதானமாப் பார்க்கணும். கைவேலையைச் சொல்லிக் குடுத்தது தப்பு இல்ல. சிரைக்கிறவர் மகனுக்குக் கத்தி, வெளுக்கிறவர் மகனுக்குத் துணி, வக்கீல் மகனுக்குப் புத்தகம்னு பிரிச்சு விட்டிருக்கும், அதான் தப்பு. அதுவும் கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும்.

அதுக்கு முன்னாடியே, 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டின கல்வி மாநாட்டுல பேசினது வேற. எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் பள்ளிக்கூடத்துல ஒரு கைத்தொழிலோட சேர்த்துப் படிக்கணும்னு சொன்னாங்க. ஆதாரக் கல்வின்னு பேரு. நம்ம காந்திகிராமம் அந்த வழியில வந்ததுதான். நான் படிச்ச காலத்துல அதோட கடைசி வால் மட்டும் மிச்சம் இருந்துச்சு. கைத்தொழில் வாத்தியார் ஒருத்தர், தக்ளி, கொஞ்சம் பஞ்சு. பரீட்சைக்கு அந்தப் பாடம் கிடையாது, அதனால மழை பேஞ்சா முதல்ல ரத்தாகுறதும் அந்த வகுப்புதான்.

வெளிநாட்டுல என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 1866-லேயே பின்லாந்தில் உனோ சிக்னேயுஸ்னு ஒரு கல்வியாளர் முயற்சியில் கைவேலை ஆரம்பப் பள்ளிப் பாடமா ஆச்சு. ஸ்வீடனில் ஓட்டோ சாலமன்னு ஒருத்தர் நேஸ்ங்கிற ஊர்ல இதுக்குன்னே ஆசிரியர் பயிற்சி நடத்தினார். பல நாட்டு வாத்தியார்கள் அங்கே போய்ப் படிச்சாங்க. இந்தப் பாடத்துக்கு ஸ்லாய்ட்னு பேரு. முதல் கருவியாப் பிள்ளை கையில குடுத்தது கத்திதான். தச்சனை உருவாக்குறது அவங்க நோக்கமே இல்ல. கண்ணும் கையும் பழகணும், செஞ்ச வேலையை மதிக்கத் தெரியணும், அவ்வளவுதான். இன்னைக்கும் ஸ்வீடனில் ஆம்பளப் பிள்ளை, பொம்பளப் பிள்ளை எல்லாருக்கும் அது கட்டாயப் பாடம். யூடியூப்பில் ஸ்வீடன்காரங்க பச்சைக் கட்டையில் கரண்டி செதுக்குற வீடியோவை நம்ம ஆளுங்க ராத்திரி பூரா பார்க்கீங்களே, அவங்கள்ல யாரையும் "நீ என்ன குலம்?"னு எவரும் கேக்கிறது இல்ல.

இப்ப நம்ம கதைக்கு வாரேன். 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்துச்சு. குடும்பத் தொழிலா இருக்கணும்ங்கிற நிபந்தனை குலக்கல்வி வாடை அடிக்குதுன்னு தமிழ்நாடு அதை ஏத்துக்கல. பதிலுக்கு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்துச்சு. 25 தொழில், 3 லட்சம் வரைக்கும் கடன், மானியம். குடும்பத் தொழிலா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா 35 வயசு ஆகியிருக்கணும். சின்ன வயசுப் பிள்ளைங்க படிப்பை விட்டுட்டு அப்பன் தொழிலுக்குள்ள போயிடக் கூடாதுன்னு யோசிச்சு வச்ச வயசு அது. அந்த யோசனை சரி, நான் கை தட்டுதேன்.

ஆனா ஒரு கணக்கு உதைக்குது. யார் வேணும்னாலும் இந்தத் தொழிலுக்கு வரலாம்னு 35 வயசுல கதவைத் திறக்கிறோம். அந்தக் கத்தியைப் பிடிக்க அவர் எங்கே கத்துக்கிட்டார்? வீட்டுல கத்துக்கிட்டிருந்தா, அது மறுபடி அப்பன் தொழில்தான். வீட்டுல இல்லாதவனுக்குக் கத்துக்க இடமே கிடையாது. அப்போ கதவு திறந்திருந்தும் உள்ளே போறது பழைய வீட்டு ஆளுதானே. குலத்தை உண்மையிலேயே கழட்டணும்னா 12 வயசுல, பள்ளிக்கூடத்துல, எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கழட்ட முடியும்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. ஆறாம் வகுப்புல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு பீரியட். அரசுப் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ எல்லாத்துலயும். கீழப்பாவூர்ல உள்ள மாதிரியே அண்ணா நகர்லயும். முதல் வருஷம் ஒரு அகப்பை. ரெண்டாவது வருஷம் ஒரு மரக்கரண்டி. மூணாவது வருஷம் அவங்க இஷ்டம். சொல்லிக் குடுக்க இன்னைக்கும் வேலை தெரிஞ்ச பெரியவங்க அங்கங்கே இருக்காங்க. அவங்களைச் சம்பளம் போட்டு, நாற்காலி போட்டு, வாத்தியார்னு கூப்பிடுங்க. இன்னும் பதினைஞ்சு வருஷம் கழிச்சு இந்த யோசனை வந்தா, கூப்பிட ஆள் இருக்காது.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒரு பிள்ளைக்குக் கை வெட்டுப்பட்டா யார் பதில் சொல்றது?"ன்னார். பயம் நியாயம். ஆனா பிள்ளைங்க கையை வெட்டுறது பெரும்பாலும் மொட்டைக் கத்திதான். அது ஓடாது, அழுத்துவோம், வழுக்கி விரலுக்கு வந்திரும். நல்லாத் தீட்டின சின்னக் கத்தி, முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கிறது, மடிக்கு நேரா வெட்டாம இருக்கிறது, கட்டையைப் பிடிக்கிற விரலைக் கத்தி போற பாதையில வைக்காம இருக்கிறது. இந்த நாலையும் முதல் மாசம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் கட்டையையே குடுக்கணும். நீச்சலும் ஆபத்துதான். அதுக்காகக் கிணத்தை மூடுறதை விட நீந்தக் கத்துக் குடுக்கிறதுதானே புத்தி?

பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கையால செஞ்ச கரண்டி விலை கூடன்னு பேரம் பேசுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை நீங்களே ஒரு அகப்பை செஞ்சு பாருங்க. சட்னி அரைச்ச தேங்காய்ச் சிரட்டை உங்க வீட்டுல இருக்கு. காஞ்ச மூங்கில் குச்சி ஒண்ணு, உப்புத்தாள் ரெண்டு, சின்னக் கத்தி ஒண்ணு போதும். மகனையும் மகளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. முதல் அகப்பை கோணலா வரும், காம்பு ஆடும். ரசம் மொள்ளும்போது பாதி சிந்தும். ஆனா அடுத்த தடவை கடையில கரண்டியைக் கையில எடுக்கும்போது உங்க கண்ணு விலைச்சீட்டுக்குப் போகாது, கழுத்துல நார் எப்படி ஓடுதுன்னு பார்க்கும்.

அப்படியே பிள்ளையோட பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம் நடக்கும்போது எழுந்து கேளுங்க, கைவேலை வகுப்பு எங்கேன்னு. நாங்க இங்கே கேட்டா "ஊர்க்காட்டு யோசனை"ன்னு சிரிப்பாங்க. நீங்க கேட்டா குறிச்சு வச்சுக்கிடுவாங்க.