தோள் தாங்கும் தோட்டாவே போதும்!

துப்பாக்கி முன்னால் சுடும். பின்னால் உதைக்கும்.

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டை களை கட்டிவிடும். அங்கே அரசாங்கமே லைசென்சு கொடுக்கிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் சுடலாம். (நம் நாட்டில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.) தகப்பன் மகனை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போவது அங்கே பல குடும்பங்களில் வழக்கம்.

அப்படிப் போகிறவர்களில் சிலருக்கு ஒரு வீண் பெருமை உண்டு. பெரிய தோட்டா வைத்திருப்பவனே பெரிய வீரன் என்று நினைக்கிறார்கள். இது தவறு. மானைச் சுடத் தோள் தாங்கும் தோட்டாவே போதும்.

உதை ஏன்?

படகில் இருந்து கரைக்குத் தாவிப் பாருங்கள். நீங்கள் முன்னால் போவீர்கள். படகு பின்னால் போகும். துப்பாக்கியிலும் இதே கதைதான். குண்டும் வெடிமருந்துப் புகையும் முன்னால் பாய்கின்றன. துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கிறது. குண்டின் எடையும் வேகமும் கூடினால் உதையும் கூடும். மருந்து அதிகமானாலும் அப்படியே.

கணக்கு என்ன சொல்கிறது?

உதையை "அடி-பவுண்டு" கணக்கில் அளக்கிறார்கள். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் சக்தியே ஓர் அடி-பவுண்டு.

எட்டு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 1955-ல் வந்த .243 வின்செஸ்டர் தோட்டாவின் உதை சுமார் 10. 2007-ல் வந்த 6.5 கிரீட்மூர் சுமார் 12. .308 வின்செஸ்டர் 16 முதல் 18 வரை. 1906-ல் ராணுவத்துக்காக வந்த .30-06 ஸ்பிரிங்பீல்டு சுமார் 20. 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மாக்னம் 25-க்கும் மேல்! குண்டின் எடையைப் பொறுத்து இந்தக் கணக்கு சிறிது கூடும், குறையும்.

அதாவது, சிறிய தோட்டாவைப்போல இரண்டரை மடங்கு உதைக்கிறது, மாக்னம்.

லேசான துப்பாக்கி ஏமாற்றும்

"பையன் சிறியவன். லேசான துப்பாக்கி வாங்கிக் கொடுப்போம்" என்று தகப்பன் நினைக்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் துப்பாக்கியின் எடை குறைந்தால் உதை கூடும்! எட்டு பவுண்டு துப்பாக்கியில் 20 என்று இருக்கும் .30-06-ன் உதை, ஆறு பவுண்டு துப்பாக்கியில் 26-ஐத் தாண்டிவிடும். பையன் கையில் மாக்னத்தைக் கொடுத்ததற்கு அது சமம்.

கணக்கில் உதை ஒன்றாக இருந்தாலும் தோளுக்கு ஒன்றாக இராது. கட்டையின் அடிப்பாகம் அகலமாக இருந்து, ரப்பர் மெத்தையும் இருந்தால் உதை பரவிவிடும். குறுகிய இரும்புத் தகடாக இருந்தால் ஒரே இடத்தில் குத்தும். வெடிச் சத்தமும் பயத்தைக் கூட்டும். காதை மூடிக்கொண்டு சுட்டால் பாதி பயம் போய்விடும்.

பயம் செய்யும் வேலை

தோள் வலி நாலு நாளில் ஆறிவிடும். பயம் ஆறாது. அடுத்த முறை சுடும்போது, வெடிக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும். விரல் வெடுக்கென்று விசையை இழுக்கும். குழல் தாழும். குறி தவறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுடுபவனுக்குத் தெரியாமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை வைப்பார்கள். விசையை இழுத்ததும் "டக்" என்ற சத்தம் மட்டும் வரும். அப்போது குழல் குலுங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

குறி தவறினால் என்ன ஆகும்? நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றிலோ காலிலோ படும். மான் ஓடிவிடும். எங்கோ புதருக்குள் கிடந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இறைச்சியும் யாருக்கும் பயன்படாது. ஒருவனுடைய வீம்புக்கு வாயில்லாப் பிராணி படும் பாடு இது!

பெரிய தோட்டா எதற்கு?

"பெரிய தோட்டா வெகு தூரம் போகுமே!" என்பார்கள். உண்மைதான். எல்க், மூஸ், கரடி போன்ற பெரிய மிருகங்களுக்கு அது வேண்டும். பழகிய தோள் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அமெரிக்கக் காடுகளில் அதிகம் வேட்டையாடப்படுவது வெள்ளைவால் மான். அதன் எடை ஏறக்குறைய ஒரு மனிதனின் எடைதான். பெரும்பாலும் 200 கஜத்துக்குள்தான் சுடுகிறார்கள். அதற்கு ஏற்ற குண்டு இருதயத்திலோ நுரையீரலிலோ பட்டால் .243-ஏ போதும்.

தகப்பன்மார் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். வேடிக்கை பார்ப்பதற்காகச் சிறுவன் கையில் மாக்னத்தைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உதையில் டெலஸ்கோப் வந்து புருவத்தைக் கிழித்துவிடும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இது பயிற்சி அல்ல, கொடுமை.

முதலில் சிறிய தோட்டா. நிறையப் பழக்கம். தோளும் மனமும் பழகிய பிறகு, தேவை இருந்தால் மட்டும் பெரியது. சுடுகிறவனுக்கும் நல்லது. ஒரே குண்டில் விரைவில் உயிர் போவதால், சுடப்படும் மானுக்கும் நல்லது.