இரு இசையும் ஒரு மேடையும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி முத்தமிழ் விழாவுக்கு ஒரு திங்கள் முன்னர் மேல்வகுப்பு மாணவர் நால்வர் என்னிடம் வந்தனர். காத்தவராயன் கூத்துப் பாட்டொன்றைக் கிற்றாரோடும் மேனாட்டு முரசுகளோடும் மேடையேற்ற அனுமதி வேண்டினர். “மரபு கெட்டுவிடும்” என்றேன். அவர்கள் மறுமொழி கூறாது போயினர். சில நாள் கழித்து அவருள் ஒருவன் ஓர் ஒலிப்பதிவைக் கொணர்ந்து, “ஐயா, இதை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ” என்றான். கேட்டேன். அது என்னைச் சிந்திக்க வைத்தது.

அவ்வொலிப்பதிவு 1969ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆம் நாள் லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் நிகழ்ந்த ஒரு கச்சேரி. டீப் பேர்ப்பிள் என்னும் ரொக் குழுவும் றோயல் பில்ஹார்மொனிக் என்னும் செந்நெறிப் பேரிசைக்குழுவும் ஒரே மேடையில் இசைத்தன. இசையை ஆக்கியவர் அந்த ரொக் குழுவில் ஓர்கன் வாசித்த ஜோன் லோர்ட். கோலெடுத்து நடத்தியவர் மல்கம் ஆர்னல்ட். நம் நாட்டுக் கித்துல்கலையிற் படமாக்கப்பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு இசையமைத்து ஒஸ்கார் பரிசு பெற்றவர் இவரே.

அன்று புதுமையாயிருந்தது இன்று மேனாட்டுப் பெருநகர்களில் வழக்கமாகிவிட்டது. இஃது இசைக்கு ஆக்கமா, கேடா என்பதே வினா.

முதலில் இவ்விரு இசைகளின் இயல்பை அறிதல் வேண்டும். பேரிசைக்குழுவில் எண்பது தொண்ணூறு பேர் மின்னின் துணையின்றி வாசிப்பர். அவர் முன்னே எழுதிய ஏடு இருக்கும். காலத்தை நீட்டுவதும் குறுக்குவதும் நடத்துநர் கையில் உள்ளன. ரொக் குழுவிலோ நால்வர் ஐவரே இருப்பர். ஒலியைப் பெருக்குவது மின்சாரம். காலத்தைக் காப்பது முரசு. பாட்டுப் பெரும்பாலும் செவிவழிப் பயின்றது. ஒன்று ஏட்டிசை, மற்றது செவியிசை.

இவை கூடும்போது நிகழ்வதை அளக்க என் கையிலுள்ள கோல் நன்னூல் ஒன்றே. இரு சொற்கள் புணருங்கால் இயல்பாகவும் புணரும், விகாரப்பட்டும் புணரும். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. இசைக்கும் இது பொருந்தக் கண்டு வியந்தேன்.

1967ஆம் ஆண்டில் மூடி புளூஸ் குழுவினர் ‘டேய்ஸ் ஒவ் பியூச்சர் பாஸ்ட்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். அதில் பாட்டுக்குப் பாட்டு இடையே பேரிசைக்குழு வந்து போகின்றது. ஒன்றால் மற்றொன்று பெரிதும் மாறவில்லை. இது ‘பொன்மலை’ போன்ற இயல்புப் புணர்ச்சி.

மெற்றாலிக்கா என்னும் அமெரிக்கக் குழு 1999ஆம் ஆண்டு ஏப்பிரலில் சான் பிரான்சிஸ்கோ சிம்பனி இசைக்குழுவோடு மேடையேறிற்று. பாட்டுக்களுட் பெரும்பாலான முன்னரே முற்றுப்பெற்றவை. மைக்கல் கேமன் அவற்றுக்குப் பேரிசைக்குழுவின் பகுதிகளைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். ‘வாழைப்பழம்’ என்பதில் ஒற்று மிகுந்தது போன்ற தோன்றல் இது. அழகுதான், ஆயினும் வாழையும் பழமும் இருந்தபடியே இருக்கின்றன.

லோர்ட் செய்தது இவற்றின் வேறு. மூன்று பகுதிகளாக அமைந்த அவர் ஆக்கத்தில், முதற்பகுதியில் இரு குழுக்களும் பகைவர்போல எதிர்நிற்கின்றன, இரண்டாவதில் இரண்டு மெட்டுக்களை மாறிமாறிப் பகிர்கின்றன, மூன்றாவதில் துணைவராகின்றன. ரொக் குழுவினர் நடத்துநரின் கோலுக்கு அடங்கவும், பேரிசைக்குழுவினர் முரசின் காலத்துக்கு இசையவும் வேண்டியதாயிற்று. ‘பொற்குடம்’ என்பதில் னகரம் றகரமானதுபோல, பொருந்துதற்பொருட்டுத் தன்னியல்பிற் சிறிது விட்டுக்கொடுத்தல் இது. மூன்றனுள்ளும் இதுவே மேலானது என்பது என் துணிபு.

கெடுதலும் உண்டு. மின்னொலி மிகும்போது வயலின்கள் கண்ணுக்குப் புலனாகும், காதுக்குப் புலனாகா. அவற்றைக் கேட்பிக்க ஒலிவாங்கி வேண்டும். ஒலிவாங்கி வந்தபின், கோலெடுத்து நிற்பவர் ஒருவர். எது கேட்கும், எது கேளாது என்று தீர்மானிப்பவர் ஒலிப்பலகை முன்னிருக்கும் வேறொருவர். ‘மரவேர்’ என்பதில் மகரம் கெட்டதனால் மரத்துக்குக் குறைவில்லை. இங்கோ மரமே கெடுகின்றது.

இனி, என்னை மிகவும் ஈர்த்த செய்தியைக் கூறுவேன். லோர்டின் ஆக்கம் 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹொலிவூட் போல் அரங்கில் மீண்டும் இசைக்கப்பெற்றது. அதன்பின் எழுதிய ஏடு காணாமற் போயிற்று. ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து, மார்கோ டி கூய் என்னும் ஒல்லாந்த இசையாக்குநர் பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் படத்தைப் பார்த்தும் கருவி கருவியாகப் பிரித்து எழுதி மீட்டார். 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 25, 26ஆம் நாள்களில் அதே மண்டபத்தில் லண்டன் சிம்பனி இசைக்குழுவோடு அது மறுபடியும் ஒலித்தது. செல்லரித்த ஏடுகளோடு போராடிய தாமோதரம்பிள்ளையவர்களின் நாட்டிற் பிறந்த எவனும் இச்செய்தியைக் கேட்டு உருகாதிருத்தல் அரிது. ஏட்டிசை ஏட்டை இழந்தபோது அதனை மீட்டுக்கொடுத்தது செவி. ஒருவரிடம் இல்லாத காவல் மற்றவரிடம் இருந்தது. கூட்டுறவின் பயன் இதனின் வேறு யாது?

எனினும் ஓர் எச்சரிக்கை. இத்தகைய கச்சேரிகளைப் பேரிசைக்குழுக்கள் விரும்புவதற்குக் கலையார்வம் மட்டும் காரணமன்று, பணமுடையும் காரணம். நுழைவுச்சீட்டு வருவாய் செலவுக்குப் போதாமையால் அமெரிக்கக் குழுக்கள் நன்கொடையை நம்பி வாழ்கின்றன. 2019ஆம் ஆண்டு செப்டெம்பரில் மெற்றாலிக்காவும் சான் பிரான்சிஸ்கோ இசைக்குழுவும் அந்நகரின் சேஸ் சென்றர் என்னும் புதிய பேரரங்கில் மீண்டும் கூடின. ஐந்தாண்டு செல்லவில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச்சில், அவ்விசைக்குழுவின் இசை இயக்குநர் எஸா-பெக்கா சலோனன், நிர்வாக சபையின் நோக்கமும் தம் நோக்கமும் ஒவ்வாமையால் ஒப்பந்தத்தைத் தொடரப்போவதில்லை என அறிவித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் குழுவின் கோரஸ் பாடகர் ஊதியக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். வந்த விருந்தினரால் வீடு நிறையலாம். விருந்து முடிந்தபின் கூரையை வேய்தல் வீட்டார் கடன். புதியோரை அழைத்தல் நன்று. அவர் வந்த இரவில் மட்டும் உயிர்த்திருக்கும் கலை பிழைத்த கலையாகாது.

ஆதலால், “கலக்கலாமா?” என்னும் வினா பயனற்றது. “யார் எதை விட்டுக்கொடுக்கின்றார்? விட்டதனால் எது கிடைத்தது?” என்பனவே கேட்கத்தக்கவை. இவற்றுக்கு விடை கேட்டறிந்தபின்னரே கிட்டும், கேட்குமுன் கிட்டாது.

இதனை எழுதும்போது அந்நால்வர் முகமும் என்முன் நிற்கின்றன. கிற்றார் மத்தளத்தை அமிழ்த்தியிருக்குமோ, அன்றி அதற்கு வழிவிட்டிருக்குமோ, அறியேன். ஒத்திகையை ஒருமுறை இருந்து கேட்டிருப்பின் அறிந்திருப்பேன். கேளாமலே தீர்ப்புக் கூறினேன். மாணவர் விடைத்தாளை வாசியாமற் புள்ளியிடும் ஆசிரியனை நாம் மன்னிப்போமா?

இவ்வாண்டு விழாவுக்கு இன்னும் இரண்டு திங்கள் உள. அவருள் இருவர் கல்லூரியை விட்டுப் போய்விட்டனர். எஞ்சிய இருவரையும் வரச்சொல்லியிருக்கின்றேன். மத்தளத்தையுங் கொண்டுவரச் சொல்லியிருக்கின்றேன்.