அருவருப்பு அறிவாகுமா?

சென்ற பருவத்தில் ஒரு நாள் எங்கள் விலங்கியல் ஆசிரியை வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினார்கள். அது கிரீன்லாந்துச் சுறாவின் கண். அந்தக் கண்ணின் மேலிருந்து வெளிறிய நூல் போன்ற ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. “சீ!” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூவினோம். சிலர் முகத்தையே மூடிக்கொண்டோம். ஆசிரியை கோபிக்கவில்லை. “நீங்கள் சொன்ன ‘சீ’ கேள்வியா, விடையா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்கள். அன்று வாயடைத்து நின்ற நாங்கள், பின்னர் படித்தும் பேசியும் கண்ட பதிலையே இங்கு எழுதுகிறோம்.

கிரீன்லாந்துச் சுறா வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களின் கடுங்குளிரில் வாழ்வது. கதிரவனின் ஒளி எட்டாத ஆழங்களில், சில வேளைகளில் 2,000 மீட்டருக்கும் கீழே, மெல்ல மெல்ல நீந்துவது. 2016-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அதன் கண்வில்லையைச் சோதித்து, இச்சுறா குறைந்தது 272 ஆண்டுகளாவது வாழக்கூடும் என்று கணித்தது. முதுகெலும்புள்ள பிராணிகளுள் இதைவிட நீண்ட ஆயுள் உடையது வேறொன்றும் இதுவரை அறியப்படவில்லை.

அதன் கண்ணில் தொங்குவது ஓம்மட்டோகொய்ட்டா என்னும் ஒட்டுண்ணி. புழுவைப் போலத் தோன்றினாலும் இது புழுவன்று. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் கிராண்ட் 1827-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்து எழுதியிருக்கிறார். வளர்ந்த பெண் சில சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சுறாவின் கார்னியா என்னும் விழிப்படலத்தில் தன்னைப் பதித்துக்கொண்டு, பின்புறம் இரண்டு முட்டைப் பைகளைத் தொங்கவிட்டபடி காலம் கழிக்கிறது. அந்த இடத்தில் விழிப்படலம் புண்பட்டுத் தழும்பாகிறது, பார்வையும் மங்கலாம். இருந்தும் சுறா பட்டினியால் மடிவதில்லை. மீன்களும் சீல்களும் அதன் இரைப்பையில் காணப்பட்டிருக்கின்றன. இருள் சூழ்ந்த ஆழத்தில் கண்ணைக் காட்டிலும் மோப்பமே அதற்குத் துணை. தாங்கி நிற்கும் வீட்டை இடித்துவிட்டால் குடியிருப்பவனுக்கும் இடமில்லை அல்லவா?

சரி, சுறாவுக்கு வந்தது சுறாவோடு போகட்டும், நமக்கென்ன என்று தோழியர் சிலர் கேட்கலாம். அவர்களுக்காக இன்னோர் ஒட்டுண்ணியைச் சொல்கிறோம். அதன் பெயர் அனிசாக்கிஸ். இது உருளைப்புழு இனம். திமிங்கிலத்தின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடுகிறது. முட்டைகள் கழிவோடு கடலில் கலக்கின்றன. வெளிவரும் இளம்புழுவைக் கிரில் என்னும் சிற்றுயிர் தின்கிறது. கிரிலைக் காட், ஹெர்ரிங் போன்ற குளிர்கடல் மீன்கள் தின்கின்றன. மீன்களைத் திமிங்கிலம் தின்ன, புழு தன் வீட்டுக்கே திரும்பிவிடுகிறது. இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே இல்லை. மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணும்போது நாமாகத்தான் இடையில் நுழைகிறோம். நுழைந்தவருக்குக் கடும் வயிற்றுவலி வரலாம்.

நெதர்லாந்து மக்கள் ஹெர்ரிங் மீனை வேகவைக்காமல் இலேசாக உப்பிட்டு உண்பவர்கள். அங்கே இந்நோய் 1960-ஆம் ஆண்டு இன்னதென்று கண்டறிந்து எழுதப்பட்டது. அம்மக்கள் “சீ” என்று சொல்லி மீனை ஒதுக்கிவிடவில்லை. குளிரில் எவ்வளவு நேரம் வைத்தால் புழு சாகும் என்று ஆராய்ந்தார்கள். விற்பனைக்கு வரும் ஹெர்ரிங்கைக் குறைந்தது 24 மணி நேரம் சுழிக்குக் கீழ் 20 டிகிரி குளிரில் உறைய வைக்க வேண்டுமென்று 1968-இல் சட்டம் வந்தது. நோய் பெரிதும் குறைந்தது. மக்களைக் காத்தது அருவருப்பா, அறிவா? தோழியரே சொல்லட்டும்.

இதைவிட எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்று உண்டு. பல காலத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்துக் கணக்கிட்ட விஞ்ஞானிகள், 1978-க்கும் 2015-க்கும் இடையில் மீன்களில் அனிசாக்கிஸ் 283 மடங்கு பெருகியிருப்பதாக 2020-ஆம் ஆண்டு அறிவித்தார்கள். கேட்டவுடன் கடலே கெட்டுவிட்டதென்று பதறினோம். ஆனால் அவர்கள் கூறும் சாத்தியமான காரணங்களுள் ஒன்று என்ன தெரியுமா? திமிங்கிலங்கள் மீண்டு வருவது! இருபதாம் நூற்றாண்டில் மனிதர் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தனர். வணிகத்துக்காகத் திமிங்கில வேட்டையாடுவதை நிறுத்தப் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1982-இல் முடிவு செய்தது. 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது. திமிங்கிலம் திரும்பினால் அதன் புழுவும் திரும்பத்தானே செய்யும்? மீன் வயிற்றில் சுருண்டு கிடக்கும் அந்தப் புழு, கடலரசன் வீடு திரும்பிய செய்தியைக் கொண்டுவந்த தபால்காரனாகவும் இருக்கலாம்.

மாறாக, ஒட்டுண்ணி இல்லாத கடல் நலமான கடலா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பியூஜெட் சவுண்ட் என்னும் குளிர்ந்த கடற்பகுதியில் 1880 முதல் 2019 வரை பிடித்துச் சேமித்த மீன்களை ஆராய்ந்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடல்நீரின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஒட்டுண்ணிகள் 38 விழுக்காடு குறைகின்றன என்று அதில் தெரிந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிராணிகளில் மாறி மாறி வாழ வேண்டியவையே மிகவும் குறைந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அவை வாழ முடியாதல்லவா? அவை மறைந்தால் யாரும் அழப்போவதில்லை. யாரும் அழாத இழப்பாகையால் யாரும் கவனிக்கப்போவதுமில்லை.

அப்படியானால் ஒட்டுண்ணிக்கு மாலையிட்டு வரவேற்க வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி நாங்கள் சொல்லவில்லை. வட அட்லாண்டிக்கின் செம்மீனைச் ஸ்பைரியான் என்னும் ஒட்டுண்ணி பற்றுகிறது. தலையைத் தசைக்குள் ஆழப் புதைத்து, உடலை வெளியே தொங்கவிடுகிறது. அதனால் தசை கெட்டு மீனவருக்கு நட்டம் உண்டாவது உண்மை. கெட்ட தசையை வெட்டி எறியட்டும். மீனை வேகவைத்து உண்ணட்டும். ஆனால் அதே ஒட்டுண்ணி எந்தக் கூட்டத்து மீனில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, எந்த மீன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று விஞ்ஞானிகள் பிரித்தறிகிறார்கள். மீனின் மேல் இயற்கையே கட்டிவிட்ட அடையாளச் சீட்டு அது! சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் பெரியோர் சொன்னது வீணல்ல. உதவாது போனாலுங்கூட, நமக்கு உதவுவதற்காக மட்டுமே இறைவன் உயிர்களைப் படைத்தார் என்று எண்ணுவது நம் ஆணவம் அன்றி வேறென்ன?

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இளமையில் தொழுநோயாளரைக் கண்டாலே விலகி ஓடியவர். ஒரு நாள் குதிரையிலிருந்து இறங்கி ஒருவரை அணைத்துக்கொண்டார். அன்று மாறியது நோயாளி அல்ல, பிரான்சிஸ்தான். நோயாளியை ஒட்டுண்ணியோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாங்கள் ஒப்பிடுவது பார்க்கிறவரின் அருவருப்பை. அந்தப் பிரான்சிசையே, இயற்கையைப் பேணுவோரின் பாதுகாவலராகப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1979-ஆம் ஆண்டு அறிவித்தார்.

இறுதியாக ஒன்று. ‘ஒட்டுண்ணி’ என்னும் சொல்லை நாம் கடலில் மட்டுமா பயன்படுத்துகிறோம்? வேலை கிடைக்காத அண்ணனையும், படுக்கையில் விழுந்த பாட்டியையும், பிறர் வீட்டில் அண்டிப் பிழைக்கும் ஏழையையும் அச்சொல்லால் குத்துகிறவர்கள் இல்லையா? எங்களுள் சிலரும் விளையாட்டாய் அப்படிச் சொன்னதுண்டு, அதற்காக வெட்கப்படுகிறோம். புழுவைக்கூட ஆராய்ந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், மனிதரைப் பற்றி ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

ஆசிரியையின் கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது. “சீ” என்பது விடையன்று. அது கேள்வியாக மாறினால் அங்கே படிப்புத் தொடங்குகிறது. அடுத்த முறை அத்தகைய படம் வரும்போது நாங்கள் முகத்தை மூடப்போவதில்லை. தோழியரே, நீங்களும் கண்ணைத் திறந்து பாருங்கள்!